பதினேழாம் நம்பர் ரத்தம்

ஈனிட்டுக்குத் தொண்டை பெரிது. பதினான்கு வயதிலிருந்து கட்கி சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறவள். அங்கே மைக் பழுதாகிவிட்டால் யாரும் பதறுவதில்லை. "ஈனிட் வந்தாச்சா?" என்று மட்டும் கேட்பார்கள். வேலை பார்க்கும் லேபிலும் அதே கதைதான். அவள் போனை எடுத்தாலே பக்கத்து அறைக்காரர்கள் எழுந்துபோய்க் கதவைச் சாத்துவார்கள். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவள்?

"என் வாய்தான் என் வேலையைக் காப்பாத்துது" என்பாள். வீண் பெருமை இல்லை, உண்மைதான். ரத்தம் எடுப்பதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. ஊசியைத் தொடுவதற்கு முன்னாலேயே ட்யூபில் நம்பரை ஒட்டிவிடுவாள். ஒட்டியதை வாய்விட்டுப் படிப்பாள். ரத்தம் கொடுக்கிறவரையும் திருப்பிச் சொல்ல வைப்பாள். ரிஜிஸ்டரில் எழுதும்போது இன்னொரு தரம், ஃப்ரீஸரில் வைக்கும்போது இன்னொரு தரம். கேட்கிறவர்களுக்குக் காது புளித்துவிடும். ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு ட்யூப், ஒரே ஒரு ட்யூப் மாறியதில்லை.

அப்படிப்பட்டவளை ஒரு திங்கட்கிழமை காலை டாக்டர் ஜம்புநாதன் தமிழில் கூப்பிட்டார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜம்புநாதன்தான் லேபுக்குத் தலைவர். நல்ல மனுஷர். சாதாரணமாக எல்லாரிடமும் இங்கிலீஷ், மனசு குளிர்ந்தால் இந்த ஊர்ப் பாஷை மராத்தி, அதுவும் தப்புத் தப்பாக. கோபம் வந்தால் மட்டும் தமிழ் கிளம்பிவிடும். "ஈனிட், இங்க வா" என்று அவர் சொன்னதுமே மொத்த லேபும் தலையைக் குனிந்துகொண்டது.

அவருடைய கம்ப்யூட்டரில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் கறுப்புத் தரையில் பச்சைப் பொட்டுகள்.

அந்த லேபில் நடப்பது இதுதான். லூபஸ் என்று ஒரு நோய். வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போட வேண்டிய ரத்தம், சொந்த உடம்போடேயே மல்லுக்கு நிற்கும். எதோடு நிற்கிறது, ஆளுக்கு ஆள் அது எப்படி மாறுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு கண்ணாடி ஸ்லைடு வைத்திருக்கிறார்கள். விரல் நீளம்தான் இருக்கும். அதில் மனித உடம்பின் எண்ணூறு புரதங்களைக் கண்ணுக்குத் தெரியாத பொட்டுகளாக வைத்திருப்பார்கள். ஒருவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை அதன் மேல் விட்டு, கழுவி, ஒளிரும் சாயம் போட்டு ஸ்கேனரில் வைத்தால், எந்தப் புரதத்தை எதிர்த்து ரத்தத்தில் ஆன்டிபாடி இருக்கிறதோ அந்தப் பொட்டு மின்னும். லூபஸ்காரர்களின் ஸ்லைடில் பல பொட்டுகள் மின்னும். ஆரோக்கியமானவர்களின் ஸ்லைடு அநேகமாக இருட்டாகக் கிடக்கும். நாற்பத்தெட்டு நோயாளிகள், ஒப்பிட்டுப் பார்க்க இருபத்துநாலு ஆரோக்கியசாலிகள். அத்தனை பேரின் ரத்தமும் ஈனிட் கை வழியாகத்தான் வந்தது.

"இடது பக்கம் யாரு?" என்றார் ஜம்புநாதன்.

"நோயாளி முப்பத்தொண்ணு, சார்."

"வலது பக்கம்?"

"ஆரோக்கியம் பதினேழு."

"இதுவா ஆரோக்கியம்? தீபாவளி மாதிரி எரியறது!"

ஈனிட் குனிந்து பார்த்தாள். முப்பத்தொன்றில் எந்தெந்தப் பொட்டுகள் மின்னினவோ, பதினேழிலும் அதே பொட்டுகள். கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்.

"ரெண்டு சீரமும் ஒரே நாள் பிரிச்சது, ஒரே ரேக்ல இருந்தது" என்றார் அவர். "முப்பத்தொண்ணு பதினேழுக்குள்ள விழுந்திருக்கு. அதான் மங்கல். வேற என்ன?"

"சார், என் கை தவறாது."

"அப்போ ஸ்லைடு பொய் சொல்றதா?"

"அதுவும் சொல்லாது, சார்."

"ரெண்டுல ஒண்ணுதான் இருக்க முடியும்" என்று அவர் நாற்காலியைத் தள்ளினார். வெள்ளிக்கிழமை எல்லா முடிவுகளையும் பூட்டுகிற மீட்டிங். அதற்குள் பதினேழு ஏன் இப்படி என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால், பதினேழோடு ஒரே நாளில் அவள் பிரித்த பன்னிரண்டு பேரின் ரத்தத்தையும் கணக்கில் சேர்க்காமல் தூக்கிப் போட வேண்டியதுதான். அதோடு, சாம்பிள் பொறுப்பு சுப்ரஜாவிடம் போகும். சுப்ரஜா நல்ல பெண்தான், வந்து ஆறு மாதம் ஆகிறது, எந்நேரமும் காதில் பாட்டு ஓடும்.

ஈனிட்டுக்குப் பொறுக்கவில்லை. வேலை போகிறது என்பதுகூட இல்லை. கை தவறியவள் என்ற பேர்! ஃப்ரீஸரில் இருந்த பதினேழின் மிச்சத்தை எடுத்து அன்றே இன்னொரு ஸ்லைடு போட்டுப் பார்த்தாள். அதே பொட்டுகள். அதுவும் அதே நாள், அதே கையால் பிரித்ததுதானே, எதை நிரூபிக்கும்? ஒரே வழிதான் இருந்தது. பதினேழாம் நம்பர்க்காரரிடமே போய்ப் புதிதாக ரத்தம் எடுக்க வேண்டும். அதுவும் அப்படியே மின்னினால், ட்யூப் மாறவில்லை என்று ஆகிவிடும். புதன்கிழமைக்குள் எடுத்தால்தான் வெள்ளிக்கிழமைக்குள் ஸ்லைடு தயாராகும்.

"போ. ஆனா ஸ்லைடுல என்ன தெரிஞ்சதுன்னு ஒரு வார்த்தை அவங்ககிட்ட வரக் கூடாது" என்றார் ஜம்புநாதன். "ஆராய்ச்சிக்கு எடுத்த ரத்தம். ரிசல்ட் சொல்ற வழக்கம் கிடையாது. உன் வாயை நினைச்சாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

பதினேழாம் நம்பர் யார் என்பது ரிஜிஸ்டர் வைத்திருக்கும் ஈனிட்டுக்கு மட்டும்தான் தெரியும். திருமதி ரமா பட்டாபிராமன், வயது ஐம்பத்தொன்பது, விஷ்ராந்த்வாடி. முதல் பதினாறு ஆரோக்கியசாலிகளை ஈனிட் தன் சர்ச்சிலேயே பிடித்துவிட்டாள். மீதி எட்டுப் பேரை விஷ்ராந்த்வாடியில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் ஹாலில் முகாம் போட்டு எடுத்தாள். அன்றைக்கு வரிசையில் முதல் ஆளாக வந்து நின்றவள் ரமா மாமி. யாரும் கூப்பிடாமலே புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கையை நீட்டியவள்.

அப்படிப்பட்ட மாமி மறுபடி ஒரு ட்யூப் தர என்ன யோசிக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டுதான் புதன்கிழமை பதினோரு மணிக்கு ஈனிட் ஆளந்தி ரோட்டில் ஸ்கூட்டியை விரட்டினாள். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடி ஏறி மணியை அடிப்பதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

"காய் ஈனிட், புன்ஹா ரக்த?" என்றாள் சந்திரிகா காக்கு. மறுபடியும் ரத்தமா என்று கேட்கிறாள். மாமிக்குப் பதினைந்து வருஷத்து எதிர்வீடு, மராத்திக்காரி, அதனால்தான் மாமிக்குப் பதில் காக்கு. அன்று வரிசையில் மாமிக்கு அடுத்து நின்ற பதினெட்டாம் நம்பர். அந்தச் சொசைட்டியில் யார் வீட்டில் பால் பொங்கினாலும் அவளுக்கு வாசனை வந்துவிடும்.

"சும்மா காக்கு, ஒரு சின்ன வேலை" என்று ஈனிட் சிரித்து மழுப்பினாள். அதற்குள் மாமி கதவைத் திறந்து அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வாம்மா, உக்காரு. நனைஞ்சுட்டியா? காபி கலக்கறேன்."

காபி பிரமாதமாக இருந்தது. ரத்தம்தான் கிடைக்கிற வழியாக இல்லை.

"அதான் ஒரு தரம் குடுத்தாச்சே" என்றாள் மாமி, எதிரில் உட்கார்ந்துகொண்டு. "இன்னொரு தரம் என்னத்துக்கு?"

"வேணும் ஆன்ட்டி. ஒரே ஒரு ட்யூப்."

"முதல்ல குடுத்ததுல ஏதாவது இருந்துதா?"

"அதைச் சொல்லக் கூடாது, ஆன்ட்டி."

"சொல்லக் கூடாதுன்னா இருக்குன்னு அர்த்தம்."

"இல்லைன்னாலும் சொல்லக் கூடாது!"

"இல்லைன்னா சொல்றதுக்கு என்ன?"

இப்படியே வாதம் போனால் சாயங்காலம் ஆகிவிடும் என்று ஈனிட்டுக்குப் புரிந்துவிட்டது. பட்டாபிராமன் வேறு ஊஞ்சலிலிருந்து எழுந்து வந்தார். பாதுகாப்புத் துறை ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் பார்த்தவர். அன்று மாமி கையெழுத்துப் போட்ட ஃபார்மின் நகலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். ஆறாவது வரியின் கீழே பென்சிலால் கோடு.

"இங்க பாரும்மா. எப்ப வேணும்னாலும், காரணம் சொல்லாமலே விலகிக்கலாம்னு போட்டிருக்கு. நீங்களே போட்டதுதான்."

"அது சரிதான் அங்கிள்…"

"அப்போ விலகிண்டாச்சு" என்றாள் மாமி. சொல்லிவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்தாள். குரலில் முறைப்பு இருந்தது, கை மட்டும் புடவை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தது.

ஈனிட்டுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஸ்லைடைப் பற்றிச் சொல்லத்தானே கூடாது, தன்னைப் பற்றிச் சொல்ல யார் தடுத்தார்கள்?

"ஆன்ட்டி, சத்தியமா சொல்றேன், எனக்கு வேற வழி இல்லை. நான் ட்யூபை மாத்திட்டேன்னு லேப்ல சொல்றாங்க. பதினோரு வருஷம்! ஒரு நாள் மாத்தினது கிடையாது. நீங்க குடுக்கலைன்னா வெள்ளிக்கிழமை என்னை அந்த வேலையிலிருந்து எடுத்துடுவாங்க. பன்னிரண்டு பேரோட ரத்தம் வீணாப் போகும். எல்லாம் என் தலையில விழும்." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வந்ததற்கு அவளுக்கே கோபமும் வந்தது. கைக்குட்டைக்குப் பதில் பையிலிருந்து பஞ்சை எடுத்துத் துடைத்துக்கொண்டாள்.

மாமியின் முகம் இளகிவிட்டது. பிறகு, "உன்னைப் பார்த்தா பாவமாத்தான் இருக்கு. ஆனா முடியாதும்மா" என்றாள்.

"ஊசிக்குப் பயமா?"

"ஊசிக்கு யார் பயப்பட்டா?"

எதற்குத்தான் பயம் என்று ஈனிட் கேட்க வாயெடுத்தபோது வாசலில் சாவி திரும்பியது. "அம்மா, பசி!" என்று ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயது இருக்கும். முதுகில் லேப்டாப் பை, கையில் சொட்டும் குடை.

ஈனிட்டுக்குப் பகீரென்றது. இவளைத் தெரியுமே! கிளினிக்கில் ரத்தம் கொடுத்தவள். சஹானா ஹரீஷ், கராடியில் வீடு. நோயாளிகள் பட்டியலில் உள்ளவர்களை வெளியில் எங்கே பார்த்தாலும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. அது லேபின் விதி, விதியில் ஈனிட் கெட்டி. முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு காலியான காபி டம்ளருக்குள் பார்த்தாள்.

"அட, ஈனிட்! நீங்க எங்க இங்க?"

"நானா? நீங்க… யாரு?"

"என்னது? போன மாசம் என்கிட்ட நாலு ட்யூப் எடுத்தீங்க. மறந்துட்டீங்களா?"

"எனக்கு ஞாபக மறதி ஜாஸ்தி."

"சும்மா சொல்லாதீங்க! நம்பரை நாலு தடவை என்னைச் சொல்ல வெச்சீங்களே. தேர்ட்டி ஒன், தேர்ட்டி ஒன்னு கத்தி, கிளினிக்ல எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க!"

முப்பத்தொன்று.

ஈனிட் டம்ளரை மேஜையில் வைத்தாள். வைக்காவிட்டால் விழுந்திருக்கும். அம்மா பதினேழு, பெண் முப்பத்தொன்று. கல்யாணமாகிப் பெயரும் விலாசமும் மாறியதால் ரிஜிஸ்டரில் ஒட்டு உறவு இல்லாத இரண்டு பேராகக் கிடந்திருக்கிறார்கள். ஒரே வீட்டு ரத்தம்! பொட்டுகள் ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? கை தவறவில்லை, தவறவே இல்லை! எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. குதிக்கவில்லை, ஏனென்றால் அடுத்த நொடியே இன்னொன்று உறைத்தது. நோயாளியின் சொந்தக்காரர்களை ஆரோக்கியசாலிகள் பட்டியலில் சேர்க்கவே கூடாது. அதற்காகத்தானே ஃபார்மில் கேள்வியே இருக்கிறது? அந்தக் கேள்விக்கு மாமி "இல்லை" என்றுதானே சொன்னாள்?

சஹானாவுக்கும் அதே கணக்கு ஓடியிருக்க வேண்டும். மேஜையில் கிடந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பார்த்தாள்.

"அம்மா, நீயும் குடுத்தியா? ஹெல்தி லிஸ்ட்லயா?"

"ஆமா, குடுத்தேன். அதுக்கென்ன இப்போ? சாப்பிட வா."

"இரு. ரத்த உறவுல யாருக்காவது லூபஸ், முடக்குவாதம் மாதிரி நோய் இருக்கா… இல்லை." சஹானா வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "இல்லையா? அப்போ நான் யாரும்மா?"

பட்டாபிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"ஹரீஷுக்குத் தெரியும், அவங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும், என் ஆபீஸ்ல தெரியும். உனக்கு மட்டும்தான் இது திருட்டு நகை மாதிரி. ஆறு வருஷமா மூடி மூடி வெக்கறே. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"நீ என்னடி தப்பு பண்ணினே!" மாமி வெடித்துவிட்டாள். "எப்படிச் சொல்லச் சொல்றே? இவ ஹால் நடுவுல நின்னுண்டு, எல்லாருக்கும் ஒரே தரத்துல புரியட்டும்னு இந்தியில, தண்டோரா போடற மாதிரி படிக்கறா. உங்க வீட்டுல யாருக்காவது இந்த மாதிரி நோய் இருக்கான்னு. எனக்குப் பின்னாலேயே சந்திரிகா நிக்கறா, அவளுக்குப் பின்னால பாதி சொசைட்டி நிக்கறது. அத்தனை பேர் காதும் என் வாய்கிட்ட இருக்கு. ஆமா, என் பொண்ணுக்குன்னு அங்கே எப்படிச் சொல்வேன்? வாய்ல தானா இல்லைன்னு வந்துடுத்து."

ஈனிட்டுக்கு முகத்தில் தண்ணீர் அடித்தது போல் ஆயிற்று. உண்மைதான். அப்படித்தான் படித்தாள். ஒவ்வொரு கேள்வியையும் ஹால் முழுக்கக் கேட்கும்படி படித்து, பதிலையும் அதே சத்தத்தில் திருப்பிச் சொல்லி எழுதினாள். "குடும்பத்தில் யாருக்கும் இல்லை! சரிதானே ஆன்ட்டி?" என்று கேட்டு, பேனாவால் ஒரு தட்டு வேறு தட்டினாள். ட்யூபுக்கு நல்லதாக இருந்த வழக்கம் மனுஷிக்கு ஆகவில்லை. பதினோரு வருஷத்தில் இது அவளுக்குத் தோன்றவே இல்லையே!

"வராமலே இருந்திருக்கலாமே அம்மா?" என்றாள் சஹானா. கோபம் பாதி இறங்கியிருந்தது. "யார் உன்னை ரத்தம் குடுக்கச் சொன்னா?"

மாமி தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரிஞ்சுக்கணும்னு இருந்துது" என்றாள் கடைசியில். "என்கிட்டேர்ந்துதான் உனக்கு வந்துதான்னு. ஆறு வருஷமா அதே நினைப்புடி. அடுப்புகிட்ட நின்னா அது, கோவிலுக்குப் போனா அது. லூபஸ் ஆராய்ச்சின்னு நோட்டீஸ் ஒட்டியிருந்துது. போய் முதல் ஆளா நின்னேன். இப்ப திரும்ப வந்து இன்னொரு ட்யூப் கேக்கறா. கேட்டதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இன்னொரு தரம் குடுத்து அதை உறுதி வேற பண்ணிக்கணுமா?"

சஹானா குடையைத் தரையில் போட்டுவிட்டு அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. இரண்டும்தான்.

"வந்திருந்தா என்னம்மா? இந்த மூக்கும் உன்கிட்டேர்ந்துதான் வந்துது. அதுக்கு உன் மேல கேஸா போட்டேன்?"

"மூக்குக்கு என்னடி குறைச்சல்?" என்றார் பட்டாபிராமன் திடீரென்று. மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஈனிட்டுக்கு வந்த சிரிப்பு கட்டடத்துக்கே கேட்டிருக்கும், வாயைப் பொத்திக்கொண்டாள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் மாமியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, உங்க ரிசல்ட்டை நான் சொல்ல முடியாது. பொதுவா ஒண்ணு சொல்றேன். இது ஒருத்தர் எடுத்து ஒருத்தர் கையில குடுக்கற சாமான் இல்லை. ரத்தத்துல அந்த ஆன்டிபாடி இருந்தும் ஆயுசு முழுக்க நோயே வராதவங்க இருக்காங்க. அம்மா அப்பாவுக்கு ஒண்ணுமே இல்லாம பிள்ளைக்கு வரதும் உண்டு. ஏன்னு யாருக்கும் முழுசாத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நாங்க எதுக்கு எண்ணூறு பொட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்?"

"டாக்டருக்கே தெரியாதா?"

"எங்க டாக்டருக்குக் கோபப்படத் தெரியும். இது தெரியாது."

"என் டாக்டர்கிட்ட நாளைக்கே உன்னைக் கூட்டிண்டு போறேன்" என்றாள் சஹானா. "ஒழுங்கா டெஸ்ட் பண்ணி ஒழுங்கா கேட்டுக்கோ. இப்படித் திருட்டுத்தனமா க்யூவுல நிக்காதே."

மாமி மகளின் தலையை ஒரு தரம் தடவினாள். பிறகு எழுந்து புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, முழங்கையை மேஜையில் வைத்தாள். "எடுத்துக்கோம்மா. உன் பேர் கெடக் கூடாது."

ஈனிட் ட்யூபில் நம்பரை ஒட்டினாள். "பதி…" என்று தொண்டை கிளம்பியது. சட்டென்று நிறுத்தி, மாமியின் காதோரம் குனிந்து, "பதினேழு" என்றாள். மாமியும் அதே மாதிரி, "பதினேழு" என்றாள். ரத்தம் நன்றாகவே வந்தது. பட்டாபிராமன், ஈனிட் கொண்டுவந்திருந்த அசல் ஃபார்மில் "இல்லை"யை அடித்து "ஆம், மகள்" என்று மாமியை எழுதச் சொன்னார். திருத்திய இடத்தில் கையெழுத்தும் தேதியும் இல்லாவிட்டால் செல்லாது என்று பிடிவாதம் பிடித்து அதையும் வாங்கினார்.

மாமியிடமும் சஹானாவிடமும் அனுமதி கேட்டுக்கொண்டு ஈனிட் ஜம்புநாதனுக்குப் போன் போட்டாள்.

"சார், ட்யூப் மாறலை. பதினேழும் முப்பத்தொண்ணும் அம்மாவும் பொண்ணும்."

மறுமுனையில் நாற்காலி கிறீச்சிட்டது. "ஃபார்ம்ல இல்லைன்னுதானே இருக்கு?"

சொல்லாமல் விட்டுவிடலாம். அந்தம்மா தப்பாகச் சொல்லிவிட்டாள் என்றால் கதை முடிந்தது, அவள் கை சுத்தம். ஈனிட் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டாள். "அது என் தப்பு, சார். ஹால்ல அத்தனை பேர் முன்னாலயும் கேள்வியைச் சத்தமா படிச்சேன். அங்கே யாரும் உண்மையைச் சொல்ல முடியாது. ஸ்லைடு சரி, ட்யூப் சரி, நான் கேட்ட விதம்தான் சரியில்லை. சர்ச்லயும் அப்படித்தான் கேட்டேன். இருபத்துநாலு ஃபார்மையும் நம்ப முடியாது, சார்."

ஜம்புநாதன் இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். ஈனிட்டுக்கு உயிர் வந்தது. பன்னிரண்டு பேரின் ரத்தமும் இருக்கட்டும் என்றார். அந்தம்மா சம்மதித்தால் நோயாளிகளின் உறவினர் என்று ஒரு புதுப் பட்டியல் தொடங்கி அவரை முதல் ஆளாகப் போடலாம், இத்தனை அழகான ஜோடி ஸ்லைடை அவர் பார்த்ததே இல்லை என்றார். மற்ற இருபத்துமூன்று பேரையும் ஒவ்வொருவராகத் தனியாகப் பார்த்து அந்தக் கேள்வியை மறுபடி கேட்க வேண்டும். யார் கேட்பது? ஈனிட்தான் கேட்க வேண்டும், ஆனால் மெதுவாக. முடியுமா என்று கேட்டார்.

"முடியும் சார்!" என்று ஈனிட் கத்தினாள்.

"இதுதான் மெதுவா?" என்றார் அவர். இந்த ஒன்று மட்டும் தமிழில்.

பையை மூடிக்கொண்டு அவள் கிளம்ப, மாமி வழியனுப்பக் கதவைத் திறந்தாள். எதிர்வீட்டு வாசலில் சந்திரிகா காக்கு நின்றிருந்தாள். கையில் துடைப்பம் இருந்தது, பெருக்கியதாகத் தெரியவில்லை. அழுகைச் சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்டதே, என்ன ஆயிற்று, ஏதாவது பிரச்சினையா என்றாள்.

ஒன்றுமில்லை காக்கு என்று ஈனிட் சமாளிக்கப் பார்த்தாள். ரமா மாமி அவளைத் தாண்டி வந்து வாசலுக்கு வெளியே நின்றாள். மராத்தியில் ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள்.

"மாஜ்யா முலீலா லூபஸ் ஆஹே."

என் பெண்ணுக்கு லூபஸ். ஆறு வருஷமாக இருக்கிறது என்றும், மாத்திரையில் நன்றாக இருக்கிறாள் என்றும், அன்றைக்கு ஹாலில் தான் சொன்னது பொய் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

இனி மூன்று மாடிக்கும் செய்தி போய்விடும் என்று ஈனிட் நினைத்தாள். சந்திரிகா காக்கு துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அவள் குரல் இவ்வளவு தாழ்ந்து ஈனிட் கேட்டதில்லை.

"நானும்தான் இல்லைன்னு சொன்னேன்" என்றாள் மராத்தியிலேயே. "நாக்பூர்ல என் தங்கச்சி இருக்காளே, ஸ்கூல் வேலையில லீவு கிடைக்கலை, அதான் வரதில்லைன்னு சொல்வேனே. அவளுக்கு முடக்குவாதம். பன்னிரண்டு வருஷமா மாடிப்படி ஏற முடியாது." பிறகு மாமியைப் பார்த்தாள். "சொல்லணும்னுதான் வரிசையில நின்னேன், ரமா. எனக்கு முன்னால நின்ன நீ இல்லைன்னே. உங்க வீட்டுலயே ஒண்ணும் இல்லைன்னா, நான் மட்டும் எப்படிச் சொல்றது?"

பதினைந்து வருஷமாகத் தயிருக்கு உறை வாங்கி, சாவி கொடுத்து வைத்து, கணபதிக்கு மோதகம் மாற்றிக்கொண்ட வீடு. நடுவில் நாலடி வராந்தா. மாமி அதைத் தாண்டிப் போய்ச் சந்திரிகாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

ஈனிட் பையிலிருந்த முகாம் ஃபார்ம் கட்டிலிருந்து பதினெட்டாம் ஃபார்மை உருவினாள். "காக்கு, இதை உங்ககிட்டத் தனியா கேக்கணும். கதவைச் சாத்திக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். உண்மையிலேயே மெதுவாகத்தான் கேட்டாள்.

"சாத்து, ஆனா இவளும் உள்ள இருக்கட்டும்" என்றாள் சந்திரிகா. மாமியை உள்ளே இழுத்துத் தன் சோபாவில் உட்கார வைத்தாள். "என் ஃபார்ம் எங்கேயும் ஓடிப் போகாது. முதல்ல உன் பொண்ணைப் பத்திச் சொல்லு."

மாமி சொல்ல ஆரம்பித்தாள். ஈனிட் ஃபார்மை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் காத்திருந்தாள்.